லிபர்ட்டியா, விக்டரியா: எந்தக் கப்பலைப் பார்ப்பது?

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. இரண்டாம் உலகப்போர்ச் சரக்குக் கப்பல்கள் அங்கே இரண்டு நிற்கின்றன: ஜெரமையா ஓ'பிரையன் (லிபர்ட்டி ரகம், 1943), விரிகுடாவுக்கு எதிர்ப்புறம் ரிச்மண்டில் ரெட் ஓக் விக்டரி (விக்டரி ரகம், 1944).

வேகம்: லிபர்ட்டி 11 நாட் (மணிக்கு சுமார் 20 கி.மீ.). விக்டரி 15 முதல் 17 வரை.

எஞ்சின்: லிபர்ட்டியில் பழைய பாணி நீராவி எஞ்சின், ஆளுயரத் தண்டுகள் ஏறி இறங்குவது கண்ணெதிரே தெரியும். விக்டரியில் டர்பைன், எல்லாம் உறைக்குள். பார்க்க எதுவுமில்லை.

உறுதி: இங்கேதான் விஷயம். லிபர்ட்டி சுமார் ஐந்து வருடம் தாங்கினால் போதும் என்று அவசரத்தில் கட்டியது. மொத்தம் 2,710. பற்றவைத்த உடல், குளிரில் நொறுங்கும் எஃகு, சரக்கு இறக்கும் மேல்தளத் திறப்பின் கூர்மூலைகள் எல்லாம் சேர்ந்து பல கப்பல்களில் விரிசல் விட்டது. விக்டரியில் உடலைத் தாங்கும் விலா போன்ற சட்டங்களின் இடைவெளியை 30 அங்குலத்திலிருந்து 36 ஆக்கினார்கள். அதனால் உடல் விரியாமல் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

உழைப்பு: ஓ'பிரையன் போரில் பிரான்சின் நார்மண்டி கடற்கரைக்கு 11 நடை போனது, 1946 முதல் 33 வருடம் சும்மா கிடந்தது. ஆனால் 1994இல் சொந்த எஞ்சினிலேயே நார்மண்டிக்கு மறுபடி போய் வந்ததே! ரெட் ஓக் கடற்படைக்கு வெடிமருந்து சுமந்தது ஒன்றரை வருடம்தான். அப்புறம் வணிகக் கப்பலாகி, கொரியா, வியட்நாம் போர்களையும் பார்த்து, 1968இல்தான் ஓய்ந்தது.

கடற்படைச் சேவையில் ஆர்வமென்றால் ரிச்மண்ட். குழந்தைகளோடு போனால் ஓ'பிரையன், அந்த எஞ்சின் அறைக்காகவே.