"ஒரு ஜாண் பொட்டை" என்று சிலந்தி விற்கிறார்கள், பணம் போட்டுவிடாதீர்கள்

டாரன்டுலா என்கிற மயிரடர்ந்த சிலந்தி வளர்க்கிற நம்ம ஊர்ப் பையன்களுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் புதிதாக நிறையப் பேர் வளர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பெரிய சிலந்தி மேல்தான் ஆசை. அந்த ஆசையை வைத்துத்தான் என்னிடம் 22,000 ரூபாய் வாங்கினார்கள்.

நான் பாளையங்கோட்டை. அஞ்சு வருஷமாக கர்லிஹேர் என்கிற சாதி டாரன்டுலா ஒன்று வளர்க்கிறேன். சுண்டுவிரல் நகம் அளவில் வந்தது, இப்போது உள்ளங்கை நிறைய உட்காரும். அதைத் தவிர வேறு பெரிய சிலந்தி எதையும் நான் கையாண்டதில்லை. கோலியாத் ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. தெரபோசா பிளாண்டி. வெனிசுலா, கயானா, பிரேசிலின் வடக்குப் பகுதி மழைக்காட்டில் குழி தோண்டி வாழ்கிற சாதி. எடையில் உலகத்திலேயே பெரிய சிலந்தி அதுதான்.

பங்குனி மாசம் சென்னைப் பக்கம் ஒரு ஆள் படம் அனுப்பினார். பச்சை ரப்பர் விரிப்பு மேல் சிலந்தி, பக்கத்தில் மர ஸ்கேல். "ஒரு ஜாண் இருக்கும் அண்ணாச்சி, கன்ஃபார்ம் பொட்டை. அடுத்த சட்டை உரிச்சா 12 இஞ்ச் வந்துரும். நாளைக்குப் பெங்களூர்க்காரர் எடுத்துக்கிடுதேன்னு சொல்லிருக்காரு, உங்களுக்காவ நிறுத்தி வச்சிருக்கேன்."

அந்த 12 இஞ்ச்சிலேயே நான் விழித்திருக்க வேண்டும். 1965இல் வெனிசுலாவில் ரியோ காவ்ரோவில் பிடித்த கோலியாத்தைத்தான் கின்னஸ் குறித்து வைத்திருக்கிறது. அது 28 சென்டிமீட்டர், பதினோரு இஞ்ச். நம்ம கணக்கில் ஒரு ஜாணும் மூணு விரற்கடையும். அதையே தாண்டிவிடும் என்று ஒருத்தர் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீடியோ கேட்டேன். தரையில் நடக்கிற ஆறு செகண்ட் துண்டு ஒன்று வந்தது, பக்கத்தில் அளவு பார்க்க ஒரு பொருளும் இல்லை. வெளிநாட்டு உயிராச்சே, வந்த வழிக்குத் தாள் இருக்கா என்று கேட்டேன். "பார்சல்லயே வச்சு அனுப்புதேன்" என்றார். ஜிபேயில் முழுப்பணமும் போட்டேன்.

ஆம்னி பஸ்ஸில் பார்சல். காலை ஏழரைக்குப் புதிய பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். தெர்மாகோல் பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் டப்பா, அதில் காய்ந்து மொடமொடத்துப் போன டிஷ்யூ பேப்பர். தாள் எதுவும் இல்லை. சிலந்தி எட்டுக் காலையும் வயிற்றுக்கடியில் மடக்கிக் கிடந்தது. சிலந்திக்குக் காலை மடக்கச் சதை உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்குச் சதை கிடையாது. உடம்புக்குள் இருக்கிற திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டும். நீர் வற்றினால் அந்த அழுத்தம் போய், கால் தானாகச் சுருண்டுவிடும். ஆழமில்லாத மூடியில் தண்ணீர் ஊற்றி, வாய் தண்ணீரில் படும்படி சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம் கழித்து இடப்பக்கத்துப் பின்னங்கால் ஒன்று மெல்ல விரிந்தது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, பாவம்லா, தண்ணி கூடக் குடுக்காமலா அனுப்புவான்?" எட்டுக்கால் பூச்சி என்றாலே அருவருப்புப் படுகிறவள் அவள்.

இரண்டு நாளில் தேறி நடக்க ஆரம்பித்தது. கிராஃப் தாள் மேல் விட்டு அளந்தேன். டாரன்டுலாவை அளப்பது குறுக்காக: ஒரு பக்கத்து முன்னங்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கால் நுனி வரை, இயல்பாக நிற்கும்போது. ஏழரை இஞ்ச்தான் இருந்தது. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன எலக்ட்ரானிக் தராசில் டப்பாவோடு வைத்து, டப்பா எடையைக் கழித்தால் 34 கிராம். வளர்ந்த பொட்டைக் கோலியாத் 100 கிராமைத் தாண்டும், 175 வரை போனதும் உண்டு. நிறமும் இடித்தது. கோலியாத் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். இது கறுப்பு, மேலே வெளிறின இளஞ்சிவப்பில் நீள மயிர். படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். "சட்டை உரிச்சா நிறம் தெளிஞ்சிரும் அண்ணாச்சி, சாப்பிடாம இருந்தா பயப்படாதீங்க, உரிக்கப் போவுதுன்னு அர்த்தம்."

அதை நம்பி இரண்டு மாசம் காத்திருந்தேன். கரப்பான் போட்டால் தொடாது. குழி தோண்டவும் இல்லை. ராத்திரியெல்லாம் கண்ணாடி ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடக்கும். நடுச்சாமத்தில் தட்தட்டென்று ஒரு தாளம், முன்னால் இருக்கிற சிறு கைகளால் தரையைத் தட்டும். ஒரு நாள் காலையில் தேங்காய் நார்த்தூள் மேல் பாய் விரித்த மாதிரி வெள்ளையாக வலை பின்னியிருந்தது. உரிக்கிறதுக்கு முன்னாடி சிலந்தி பாய் போட்டுக்கொள்ளும், என் கர்லிஹேர் போட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் உரிக்கவில்லை.

அது உரிப்பதற்கான பாயே இல்லை. பருவத்துக்கு வந்த கடுவன் விந்தை இறக்கி, அந்தச் சிறு கைகளில் ஏற்றிக்கொள்வதற்காகப் பின்னுகிற வலை. இதை நான் தெரிந்துகொண்டது வைகாசிக் கடைசியில், அது கண்ணாடியில் ஏறி அடிவயிறு காட்டி நின்றபோது. செல்போன் டார்ச்சும் லென்ஸும் வைத்துப் பார்த்தேன். முதல் ஜோடிக் கால்களில், கால்தண்டின் உட்பக்கம், ஆளுக்கொரு கறுத்த கொக்கி. சிறு கைகளின் நுனியில் பாதத்துக்கடியில் மடிந்த செங்கருப்புக் குமிழ். இணையும்போது பொட்டையின் பல்லைப் பிடித்து நிறுத்தத்தான் அந்தக் கொக்கி. பிளாண்டிக் கடுவனுக்குக் கொக்கியே கிடையாது. ஆக அது பொட்டையும் இல்லை, பிளாண்டியும் இல்லை. லசியோடோரா பாராஹைபானா, சால்மன் பிங்க் என்று விற்கிற பிரேசில் சாதி. அதுவும் பெரிய சிலந்திதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. விலைதான் கோலியாத் விலையில் பாதி கூட வராது.

விலையை விட என்னை உறுத்துவது வேறு. டாரன்டுலாக் கடுவன் கடைசிச் சட்டை உரித்து ஆளானால், அதன் பிறகு உரிப்பதே பெரும்பாலும் இல்லை. மாசக்கணக்குத்தான் ஆயுள். பொட்டைகள் பதினைந்து, இருபது வருஷம் கிடக்கும். கடுவனுக்குக் கால் நீளம், உடம்பு ஒல்லி, அதனால் கால் விரித்து நிற்கும்போது பெரிதாகத் தெரியும். சாகப் போகிற கடுவனை "பெரிய பொட்டை" என்று தள்ளிவிடுகிறார்கள். கால் நீளத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். லாவோஸில் ஹெட்டரோபோடா மாக்ஸிமா என்று ஒரு வேட்டைச் சிலந்தி, 2001இல் பெயர் வைத்தது, அதன் கால் விரிப்பு 30 சென்டிமீட்டர் வரை போகும், கோலியாத்தையே மிஞ்சும். ஆனால் கனத்தில் கோலியாத் பக்கத்திலேயே நிற்க முடியாது.

அப்புறம்தான் அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது உயிருள்ள சிலந்தியே இல்லை, உரித்துப் போட்ட சட்டை. ஈரமாக இருக்கும்போது காலை இழுத்து விரித்துக் காயவைத்தால், நிற்கிற சிலந்தியை விட ஒன்று, ஒன்றரை இஞ்ச் கூடுதலாகக் காட்டும். சட்டையில் வயிறு கசங்கிய தாள் மாதிரி சுருங்கிக் கிடக்கும். அது தெரியாமல் இருக்கத்தான் பெருவிரலை மேலே வைத்து மறைத்திருக்கிறார். முதுகு ஓடு மூடி மாதிரிக் கழன்றிருக்கும். படத்தில் அதன் ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம் நன்றாகவே தெரிகிறது. இரண்டு மாசமாக என் போனில் இருந்த படம்.

போன் போட்டேன். "உயிரோட வந்துச்சுல்லா? உயிரோட வந்தா என் பொறுப்பு முடிஞ்சு. நீங்க வளக்கத் தெரியாம வளத்தா நான் என்ன செய்ய?" அவ்வளவுதான், பிளாக். பில் இல்லை, தாள் இல்லை. பணம் போனதும் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், பொருளில் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டரை மாசம் கழித்துக் கூப்பிட்டேன், கையில் காட்ட ஒரு ரசீது கூட இல்லாமல்.

ஆனிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. இந்தத் தடவை தண்ணீர் கொடுத்தும் விரியவில்லை. டப்பாவைக் கழுவும்போது அதன் வயிற்று மயிர் கையில் ஏறி மூன்று நாள் ஊறல், அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். முதலில் செல்லோடேப் ஒட்டி எடுத்தால் பாதி மயிர் வந்துவிடும். கண்ணில் பட்டால் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராகக் கண் டாக்டர்.

ஆடியில் வேறு நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். "மலைச் சிலந்தி ஜோடி, மரத்துல இருக்கது, உங்க ஊர்ப் பக்கத்துச் சரக்குதான், 3,000." அதே பச்சை விரிப்பு. படத்தில் இருந்தது பொசிலோதீரியா. இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பேரினம். 2019இல் அந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் என்கிற, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். நம்ம வனவிலங்குச் சட்டத்தை 2022இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் சைட்டிஸ் பட்டியல் உயிர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தாயிற்று. பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே ஒரு இலையைக் கூடக் கிள்ளக்கூடாது. மரப்பொந்தில் வருஷக்கணக்காக வளர்ந்த பொட்டையை ஒருத்தன் குச்சியை விட்டு நோண்டி எடுத்து மூவாயிரத்துக்கு விற்கிறான். அதற்கு ஊறல் மயிர் கிடையாது, கடிதான். கடித்தால் நாள்கணக்கில் தசை பிடித்து இழுக்கும். வாங்கிய பிள்ளைக்கு அதுவும் தெரியாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். சிலந்தி கிராஃப் தாளில் தானாக நடந்து நிற்கிற வீடியோ, அன்றைய தேதி எழுதின சீட்டோடு. தராசில் எடை. கண்ணாடிக்குக் கீழிருந்து முன்னங்கால் தெரிகிற படம். பொட்டை என்றால் கடைசியாக உரித்த சட்டையின் அடிவயிற்று உட்பக்கப் படம். பொட்டைக்கு அங்கே விந்துப்பை மடிப்பு இருக்கும். கேட்டால் கோபப்படுகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

பெருவிரலால் வயிற்றை மறைத்த பச்சை விரிப்புப் படம் யாருக்காவது வந்திருந்தால் கீழே சொல்லுங்கள். பாளை, டவுண், மேலப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகள் பணம் போடுவதற்கு முன் எனக்குப் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.