நெல்லு மகசூல கூட்ட மார்க்கரா, ஜீனோமிக் செலக்‌ஷனா, எடிட்டிங்கா?

2025 மே மாசம் ஒன்றிய விவசாய அமைச்சர் ரெண்டு ஜீன் எடிட் பண்ண நெல் ரகத்த அறிவிச்சாலும் அறிவிச்சாரு, இனிமே கிராஸ் போட்டு பத்து வருஷம் காத்துக் கெடக்க வேண்டாம், ஜீனப் பாத்தோமா வெட்டுனோமா மகசூல் ஏறுச்சான்னு பேசுறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. ஆனா ஜீன வச்சு நெல் ரகம் உருவாக்க ஒரே வழி இல்ல, மூணு நாலு வழி இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்கு. மார்க்கர்னா வேணுங்கிற ஜீன் செடில இருக்கான்னு காட்டுற டிஎன்ஏ அடையாளம், ஜீனோமிக் செலக்‌ஷன்னா ஜீனோம், அதாவது செடியோட மொத்த டிஎன்ஏ, முழுக்கப் பாத்து மகசூலக் கணிச்சுப் பொறுக்குறது, எடிட்டிங்னா செடியோட ஜீனையே வெட்டி மாத்துறது. என் கட்சிய மொதல்லயே சொல்லிடுறேன்: இருக்கிற மகசூல காப்பாத்த மார்க்கர், இன்னும் ஏத்த ஜீனோமிக் செலக்‌ஷன், எடிட்டிங்குக்கு இப்ப கிடைக்கிற கைத்தட்டல் கொஞ்சம் ஓவர்.

கிராஸ் போட்டு கண்ணால பாத்துப் பொறுக்குற பழைய முறைய சும்மா ஒதுக்கிட முடியாது. ஐஆர் 8 நெல் ரகம் எப்படி வந்துச்சு? பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமான இர்ரில 1962ல இந்தோனேசியாவோட உயரமான பீட்டாவையும் தைவானோட குட்டையான டீ ஜியோ ஊ ஜென்னையும் கிராஸ் பண்ணாங்க, 1966ல ரகம் வெளிய வந்துச்சு. உரம் போட்டா சாயாத குட்டைப் பயிர், கதிர் நெறைய நெல்லு. அந்தக் குட்டைத்தனத்துக்குக் காரணமான எஸ்டி1 ஜீன் என்னன்னு பிடிச்சது 2002லதான்! அதாவது நாப்பது வருஷம் ஜீன் என்னன்னு தெரியாமயே உலகத்துக்கு சோறு போட்டிருக்காங்க. நம்ம கோயம்புத்தூர் ஜிஇபி 24ம் கண்ணால பாத்துப் பொறுக்குன ரகம்தான். குட்டையா நெட்டையான்னு பாத்தவுடனே தெரியுற குணத்துக்கு லேப் எதுக்கு?

சிக்கல் எங்க வருதுன்னா, மகசூல் அப்படி கண்ணுக்குத் தெரியாது. எஃப்2ல, அதாவது கிராஸ் பண்ணதுக்கப்புறம் வர்ற ரெண்டாவது தலைமுறைல, ஒரு செடி நல்லா தூர் கட்டியிருந்தா அது ஜீனாலயா, இல்ல அந்த இடத்துல மண்ணு கொஞ்சம் நல்லா இருந்ததாலயா, பக்கத்து செடி செத்து இதுக்கு வெயில் கூடக் கெடச்சதாலயான்னு யாரு சொல்றது? அதனால அஞ்சாறு தலைமுறை நிலைப்படுத்தி, பல ஊர்ல பல வருஷம் ட்ரையல் போட்டு, அப்புறம்தான் முடிவு எடுக்குறாங்க, வருஷம் பத்து ஓடிடுது.

மார்க்கர் இந்தக் குருட்டுத்தனத்த ஒரு பக்கம் சரி பண்ணுச்சு. நாத்துல சின்ன இலைத் துண்டு எடுத்து டிஎன்ஏ பாத்தா நமக்கு வேணுங்கிற ஜீன் வந்திருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும், கதிர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இதுக்கு வெள்ளம் தாங்குற சப்1 கதைய விட நல்ல உதாரணம் கெடையாது. ஒடிசாவுல எஃப்ஆர்13ஏன்னு ஒரு ரகம், ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள முழுசா முங்கினாலும் பொழச்சுக்கும், மத்த நெல்லெல்லாம் மேல வரணும்னு நீண்டு நீண்டு இருக்கிற தெம்பையும் செலவழிச்சு செத்துப்போகும், இது மட்டும் மூச்சப் பிடிச்சுட்டுப் படுத்துக்கும். ஆனா மகசூல் சுமாரு, யாரும் விரும்பிப் போடுற ரகம் இல்ல. சாதாரணமா கிராஸ் பண்ணா அந்த வெள்ளம் தாங்குற ஜீனோட வேண்டாத சரக்கும் ஒட்டிட்டு வரும். 1996ல சப்1ங்கிற அந்த இடம் ஒன்பதாவது குரோமோசோம்ல இருக்குன்னு பிடிச்சாங்க, 2006ல சப்1ஏ ஜீனையே தனியா எடுத்தாங்க. இன்னொரு பக்கம் மார்க்கர் வச்சு ஆந்திராவோட ஸ்வர்ணா ரகத்துல அந்தத் துண்ட மட்டும் ஏத்தி, திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடயே கிராஸ் பண்ணி மத்ததெல்லாம் கழிச்சுக்கட்டி, 2009ல இந்தியாவுல ஸ்வர்ணா சப்1 வந்துச்சு. வெள்ளம் வராத வருஷம் ரெண்டும் ஒண்ணுதான், சோறும் அதே சோறு, வெள்ளம் வந்தா ஹெக்டேருக்கு 1ல இருந்து 3 டன் வரைக்கும் வித்தியாசம். தமிழ்நாட்டுல சிஆர் 1009 சப்1 வந்ததும் இதே வழிலதான், ஐப்பசி கார்த்திகை மழைல சம்பா முங்குற டெல்டாக்காரங்களுக்கு அதோட அருமை தெரியும்.

இன்னொண்ணு, நாம ஆந்திரா பொன்னின்னு சாப்பிடுற பிபிடி 5204, அதான் சம்பா மசூரி. பாக்டீரியா இலைக்கருகல் வந்தா இதுக்கு தாங்குற சக்தி கெடையாது. ஐதராபாத்துல உயிரணு ஆராய்ச்சி மையமான சிசிஎம்பியும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேந்து இந்த நோயத் தாங்குற மூணு ஜீன ஒண்ணா ஏத்துனாங்க. இங்க மார்க்கர் இல்லாம முடியவே முடியாது, ஏன்னா அந்த மூணுல எக்ஸ்ஏ21 ஒண்ணு இருந்தாலே செடி நோயத் தாங்கிடும், அப்ப மத்த ரெண்டும் உள்ள இருக்கா இல்லையான்னு நோயக் குடுத்துப் பாத்தும் கண்டுபிடிக்க முடியாது. மூணும் இருந்தாத்தான் கிருமி அவ்வளவு சீக்கிரம் தப்பிச்சு வராது. என்னைக் கேட்டா ஜீன் ஆராய்ச்சிலேருந்து விவசாயி மூட்டைக்கு நிஜமா வந்து சேந்த நெல்லு பெரும்பாலும் இந்த மாதிரி காப்பாத்துன நெல்லுதான், கூட்டுன நெல்லு இல்ல.

சரி, அப்ப மகசூலுக்கும் ஒரு ஜீன் பிடிச்சு ஏத்திடலாமே? ட்ரை பண்ணாங்க. 2005ல ஜப்பான்காரங்க ஜிஎன்1ஏன்னு ஒண்ணப் பிடிச்சாங்க, அதோட வேல குறைஞ்சா கதிர்ல சைட்டோகைனின் ஹார்மோன் தங்கி மணி எண்ணிக்கை கூடுது. கேக்க நல்லா இருக்கு, ஆனா மணி கூடுனா அத நெரப்ப இலையும் வேரும் கூட ஒழைக்கணும், இல்லன்னா பதர்தான் மிஞ்சும். மகசூல்ங்கிறது தூர், கதிர், மணி, எடை, பூக்குற நாள், வேர், நோய் எல்லாம் சேந்த கணக்கு, பின்னாடி நூத்துக்கணக்கான ஜீன் ஒவ்வொண்ணும் துளித்துளியா வேலை செய்யுது. மக்காச்சோளத்துல ஒரு பெரிய விதைக் கம்பெனி வருஷக்கணக்கா 1,600க்கு மேல ஜீன டெஸ்ட் பண்ணிப் பாத்துச்சு, தேறுனது நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான்.

இங்கதான் ஜீனோமிக் செலக்‌ஷன் வேற மாதிரி யோசிக்குது. எந்த ஜீன்னு தேடுறதையே விட்டுடுது. கொஞ்ச நூறு லைன, அதாவது நிலைப்படுத்துன நெல் வகைகள, எடுத்து, ஜீனோம் முழுக்க ஆயிரக்கணக்கான மார்க்கர் பாத்து, அதே லைனோட மகசூலயும் வயல்ல அளந்து, ரெண்டையும் கம்ப்யூட்டர்ல பொருத்தி, ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு சின்ன மதிப்பெண் போட்டுடுவாங்க, அப்புறம் புதுசா வர்ற நாத்தோட டிஎன்ஏவப் பாத்தாலே இதோட கூட்டு மதிப்பு இவ்வளவுன்னு சொல்லிடலாம். கணக்கு 2001ல வந்துச்சு, மொதல்ல ஜெயிச்சது கறவை மாட்டுல, காளைக்குப் பொறந்த பொண்ணுக எவ்வளவு பால் கறக்குதுன்னு பாக்க வருஷக்கணக்கா காத்திருந்தவங்க கன்னுக்குட்டிலயே முடிவெடுக்க ஆரம்பிச்சாங்க.

நெல்லுல எவ்வளவு துல்லியம்? 2015ல வந்த இர்ரி லைன் வச்ச ஆய்வுல பூக்குற நாளுக்கு கணிப்புக்கும் நிஜத்துக்கும் ஒத்துப்போனது 0.63, மகசூலுக்கு வெறும் 0.31, முழுசா ஒத்துப்போனா 1. பூ, இவ்வளவுதானான்னு தோணும். ஆனா வருஷத்துக்கு எவ்வளவு முன்னேத்தம்ங்கிறது துல்லியம் மட்டும் இல்ல, எவ்வளவு சீக்கிரம் அடுத்த கிராஸுக்குப் போறோம்ங்கிறதும்தான். துல்லியம் பாதியா கொறைஞ்சாலும் அஞ்சு வருஷ சுத்து ரெண்டு வருஷத்துல முடிஞ்சா கணக்கு லாபம்தான். குறை என்னன்னா, கம்ப்யூட்டரப் பழக்க மொதல்ல அளந்த லைன்களுக்கு சொந்தபந்தம் இல்லாத நெல்லுக்கு இந்தக் கணிப்பு வேலைக்காகாது, தலைமுறை தாண்டத் தாண்ட மழுங்கும், மறுபடி மறுபடி வயல்ல அளந்து டேட்டா குடுத்துட்டே இருக்கணும். வயல் அளவீடு அரைகுறைன்னா கம்ப்யூட்டர் சொல்றதும் அரைகுறைதான். இதெல்லாம் போட்டோவுக்கு நிக்காத வேலை, அதான் செய்திலயும் வர்றதில்ல.

எடிட்டிங்குக்கு வருவோம். டிஆர்ஆர் தான் 100, கமலான்னு பேரு வச்சது அதே சம்பா மசூரிலேருந்து, அதே ஜிஎன்1ஏ ஜீன கிரிஸ்பர்ங்கிற டிஎன்ஏ வெட்டுற கருவிய வச்சு வெட்டி உருவாக்குனது. ஹெக்டேருக்கு 4.5 டன் 5.37 டன் ஆச்சு, 19 சதவீதம் கூட, அதோட 20 நாள் முன்னாடியே அறுவடைன்னு அறிவிப்பு. கூட வந்த பூசா டிஎஸ்டி ரைஸ் 1, எம்டியு 1010ங்கிற ரகத்துல இருந்து, உப்பு மண்ணத் தாங்குறதுக்கு. எடிட்டிங்கோட நிஜமான பலம் என்னன்னா ஜனங்க விரும்புற ரகத்தோட சோத்துக் குணத்தக் கலைக்காம ஒரே இடத்துல மட்டும் கை வைக்கலாம், திரும்பத் திரும்ப பழைய ரகத்தோடயே கிராஸ் போடுற பேக்கிராஸ் தொல்லை இல்ல. வெளி டிஎன்ஏ மிஞ்சாத எடிட்டுக்கு 2022லயே ஜிஎம், அதாவது மரபணு மாற்றப் பயிர், விதிகள்லேருந்து விலக்கும் குடுத்துட்டாங்க. ஆனா என்ன வெட்டணும்னு தெரிஞ்சாத்தானே வெட்ட முடியும், துளித்துளியா சேர்ற நூறு ஜீனுக்கு எங்க போய் வெட்டுறது? கிரிஸ்பரோட முக்கியமான பேட்டன்ட் அமெரிக்கா பக்கம் இருக்குங்கிறதும் வேற விஷயம். சாதாரணமா நாள் கொறைஞ்சா மகசூலும் கொறையும், இங்க நாளும் கொறையுது மகசூலும் கூடுதுன்னா அது பெரிய விஷயம், அந்த ட்ரையல் டேட்டா பத்தி கேள்வி கேக்குறவங்களும் இருக்காங்க, கேக்கத்தான் வேணும்.

ஒண்ணு நல்லது, இதுல சொன்ன ரகம் எதுவும் ஹைப்ரிட் இல்ல, விதை எடுத்து வச்சு அடுத்த பட்டத்துக்குப் போடலாம். பணம் எங்க போடணும்னு என்கிட்ட கேட்டா எடிட்டிங் லேபுக்கு ஒரு பங்குன்னா ஜீனோமிக் செலக்‌ஷனுக்கு மூணு பங்கு, அதுலயும் பாதிய வயல்ல அளக்குற ஆளுக்கும் மிஷினுக்கும். கமலா உங்க பக்கம் வந்தா நாடு முழுக்க ட்ரையல்ல சராசரி 5.37 டன்னு சொல்றதக் கேட்டுட்டு வாங்கிடாதீங்க, உங்க மண்ணு மாதிரி எந்த ஊர்ல போட்டுப் பாத்தாங்க, எத்தன வருஷம் போட்டாங்க, பக்கத்துலயே பழைய பிபிடி 5204ம் போட்டாங்களா, பதர் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க.