தைராய்டுக்கு கோத்தகிரியிலயே பாக்குறதா, கோயம்புத்தூர் எறங்குறதா?

எனக்கு ரெண்டும் பழக்கம். மொதல்ல ஒரு வருசம் ஸ்பெஷலிஸ்ட்ட பாக்கணும்னு கீழ போய்ட்டு வந்தேன், காலைல பஸ் ஏறினா வளைவுல தலை சுத்தி ஒரு நாள் கூலியும் போய் ராத்திரி தான் வீடு, இவ்ளோவும் அஞ்சு நிமிச பேச்சுக்கு. ஆனா ஒண்ணு, குளிர் தாங்கலனு சொன்னப்ப இங்க எல்லாரும் "மலைன்னா குளிரத்தான் செய்யும்"னாங்க, அங்க தான் டிஎஸ்ஹெச் (தைராய்டு சரியா வேல செய்யுதானு பாக்குற ரத்த டெஸ்ட்) எழுதினாங்க.

இப்ப பக்கத்துல இருக்குற ஜெனரல் டாக்டர் தான். லெவோதைராக்சின் (தைராய்டு கம்மியா சுரந்தா போடுற மாத்திரை) எந்த டாக்டர் எழுதினாலும் அதே மருந்து தானே. டோஸ் மாத்தினா 6-8 வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச் பாக்கணும், அதுக்கு முன்னாடி பாத்தா சரியா தெரியாது, இந்த ரத்தத்த இங்கயே குடுத்துடலாம். மாத்திரைய வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரைமணியிலருந்து ஒரு மணி நேரம் டீ கூடாது (டீ எஸ்டேட் ஊர்ல இதுதான் பெரிய தண்டனை!). இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் தள்ளி. இத பொறுமையா சொன்னது இங்க உள்ளவர் தான்.

ஒரே பிராண்ட் கெடைக்கிறது மட்டும் இங்க கஷ்டம், அதனால ரெண்டு மாசத்துக்கு சேத்து வாங்கிடுவேன்.

கர்ப்பம்னா, கழுத்துல கட்டி தெரிஞ்சா, இதய பிரச்சன இருந்தா யோசிக்காம கீழ போங்க. மத்தபடி சும்மா ரீடிங் பாக்க எதுக்கு மலை எறங்கணும்?