சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதா, ஷார்ட் சேலா?

டெக்சாஸில் டாலஸ் பக்கம் ஒரு வீடு. கடன் பாக்கி 4,80,000 டாலர். இன்றைக்கு விற்றால் 4,20,000தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். வேலை போய்விட்டது. ஹெச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாக்காரருக்கு அடுத்த வேலை தேட 60 நாள்தான் அவகாசம். "பேமெண்ட்டை நிறுத்திட்டு ஊருக்குப் போயிடலாம், வீட்டை பேங்க் எடுத்துக்கட்டும்" என்றுதான் முதலில் தோன்றும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அப்படி விட்டுப்போனால் அது ஃபோர்க்ளோஷரில், அதாவது வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடுவதில் முடியும். பொதுவாகத் தவணை தவறி 120 நாள் கடந்த பிறகே வங்கி அந்த நடவடிக்கையைத் தொடங்க முடியும். ஆனால் ஏலத்தோடு கடன் தீர்ந்துவிடாது. டெக்சாஸில் ஏலம் முடிந்து 2 ஆண்டுக்குள் மீதித் தொகைக்கு வங்கி வழக்குப் போடலாம். பிற்பாடு திரும்பி வந்து, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி வீட்டுக் கடன் வாங்க, சாதாரணமாக 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். குறைந்த விலைக்கு நாமே விற்கும் ஷார்ட் சேல் என்றால் 4 ஆண்டு. கிரெடிட் ரிப்போர்ட்டில் அடி இரண்டிலும் விழும். அதில் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஷார்ட் சேல் என்பது வங்கியின் சம்மதத்தோடு, பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு நாமே விற்பது. ஏஜென்ட் கமிஷன் விற்ற பணத்திலிருந்தே போகும். பதிலுக்கு வேலை அதிகம். கஷ்டத்தை விளக்கும் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் வாங்க வந்தவர் பொறுமையிழந்து போய்விடுவதும் உண்டு. வீட்டின் மேல் ஹெலாக் (வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) போல இரண்டாவது கடன் இருந்தால் அதைக் கொடுத்தவர்களும் சம்மதிக்க வேண்டும். பல விற்பனைகள் முறிவது இங்கேதான்.

எல்லாம் கூடி வந்து ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்போது ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். "வீட்டின் மீதுள்ள அடமானத்தை விடுவிக்கிறோம்" என்று மட்டும் இருந்தால் கடன் அப்படியே நிற்கிறது. "மீதித் தொகையை இனி வசூலிக்க மாட்டோம்" என்று எழுத்தில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2011 முதல் சட்டமே இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. டெக்சாஸில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் இவ்வளவு அலைச்சலுக்கு அர்த்தமே இல்லை என்பேன்.

அப்புறம் வரி. தள்ளுபடியான தொகை, கடன் ரத்தானதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவத்தில் வருமானமாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் சொத்தைவிடக் கடன் அதிகம் என்று காட்ட முடிந்தால், 982ஆம் படிவம் வழியாக அந்த அளவுக்கு விலக்குக் கேட்கலாம்.

வீட்டை வங்கிக்கே எழுதிக் கொடுப்பது இன்னொரு வழி. சீக்கிரம் முடியும், காத்திருப்பும் அதே 4 ஆண்டுதான். ஆனால் இரண்டாவது கடன் இருந்தால் பெரும்பாலும் வங்கி ஏற்காது. வருமானம் ஓரளவு வந்துகொண்டிருந்தால் இவை எதுவும் வேண்டாம். தவணையைக் குறைத்து மாற்றித் தரும்படி முதலில் கேளுங்கள்.

நாள் குறைவாக இருந்தாலும் என் ஓட்டு ஷார்ட் சேலுக்கே. விமானம் ஏறும் முன் நம்பகமான நண்பர் பெயரில் பவர் எழுதிவிடுங்கள். வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று டைட்டில் கம்பெனியிடமும் (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து விற்பனையை முடித்துத் தரும் நிறுவனம்) வங்கியிடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரிக்கு நேரம் வாங்கி நிற்க வேண்டியிருக்கும், அதற்குள் வாங்குபவர் வேறு வீடு பார்த்துவிடுவார்.