மைனஸ் 30இல் எட்டுக் குளிர்காலம்: சாஸ்கட்டூனில் நாங்கள் கட்டிய வீடு

கனடாவின் சாஸ்கட்டூனில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு 2017 அக்டோபரில் குடிவந்தோம். எட்டுக் குளிர்காலம் ஓடிவிட்டது. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மைனஸ் 30 என்பது அடிக்கடி வரும் இரவு. சில நாள் மைனஸ் 40ஐயும் தொடும். வீடு கட்டப்போகும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சுவர் எத்தனை அங்குலம்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி, "காற்று எங்கே கசிகிறது?" என்பது. எங்களுக்கு அது புரிய இரண்டு வருடம் ஆனது.

சரி, சுவரைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரிசை மரச்சட்டம், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். நடுவிலும் சட்டங்களுக்கு இடையிலும் சேர்த்து 12 அங்குலத்துக்குச் செல்லுலோஸ், அதாவது பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் பஞ்சு. ஒற்றைச் சட்டச் சுவரில் மரத்தின் வழியாகவே வெப்பம் வெளியே போய்விடும். இதில் வெப்பம் அப்படிக் கடந்துபோக மரப் பாலம் இல்லை. வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஆர் மதிப்பு 40 பக்கம் வரும். இது புது யோசனையும் இல்லை. இங்கிருந்து 260 கிலோமீட்டரில் இருக்கும் ரெஜைனாவில் 1977லேயே ஹரால்ட் ஓர் முதலிய பொறியாளர்கள் இப்படித் தடித்த சுவரும் காற்றுப் புகாத கட்டுமானமுமாக ஒரு மாதிரி வீட்டைக் கட்டினார்கள். அதில் ஃபர்னஸே, அதாவது வீட்டைச் சூடாக்கும் உலையே, கிடையாது. சூடாக்க மிகக் குறைந்த எரிசக்தியே போதும்படி கட்டும், பிற்பாடு ஜெர்மனியில் வளர்ந்த 'பாசிவ் ஹவுஸ்' முறைக்கு முன்னோடி என்று அந்த வீட்டைச் சொல்வார்கள்.

சுவர் தன் வேலையைச் செய்கிறது. மூன்றாவது வருடம் மைனஸ் 32இல் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. 21 டிகிரியில் இருந்த வீடு விடிகாலையில் 17. பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

எங்களைக் கலங்கவைத்தது கூரை. இரண்டாவது வருடம் மார்ச்சில், வெளியே முதல்முறையாகப் பூஜ்யத்தைத் தாண்டிய அன்று, மாடி நடைவழியின் உட்கூரையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம். தொட்டால் ஈரம். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஏணி போட்டு, உட்கூரைக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அட்டிக்கைத் திறந்தேன். ஒழுகலே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், கூரைப் பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறது. சில முனைகளில் அது உருகிச் சொட்டுகிறது. குளிர்காலம் முழுக்க வீட்டின் ஈரக்காற்று மேலே கசிந்து, அங்கே உறைந்து சேர்ந்து, வெயில் வந்ததும் மொத்தமாக இறங்கியிருக்கிறது. இங்கே இதை 'அட்டிக் மழை' என்பார்கள். ஓட்டை எங்கே தெரியுமா? நான் ஏறிப்போன அந்த அட்டிக் மூடியேதான். கட்டியவர்கள் அதைச் சுற்றி ரப்பர் பட்டை வைக்கவில்லை. மேலே 18 அங்குலம் பஞ்சு கொட்டியும், விரல் நுழையாத அந்த இடுக்குக்கு முன்னால் பயன் இல்லை. காற்றுக்கசிவுச் சோதனையைச் சுவர்ப்பலகை அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை என்று இரண்டு தடவை செய்யச் சொல்லுங்கள். நாங்கள் முதல் தடவையோடு நிறுத்தியது தப்பு.

அந்த ஈரம் வந்த வழியும் முக்கியம். நம் சமையலறையில் ஆவி அதிகம்: சோறு, ரசம், இட்லி, குக்கர். காற்றே புகாத வீட்டில் அது தானாக வெளியேறாது. அதற்குத்தான் ஹெச்.ஆர்.வி. என்ற பெட்டி, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றிவிட்டு அனுப்பும். மைனஸ் 30 என்றால் வீட்டு ஈரப்பதத்தை நான் 30 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. தாளிப்பு வாசனைக்காகப் பெரிய எக்ஸாஸ்ட் ஹூட் வாங்கினோம், அதில்தான் ஏமாந்தோம். முழு வேகத்தில் போட்டால், துணி உலர்த்தும் மெஷினின் குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே காற்று வர வழி வைக்க வேண்டும், இல்லையென்றால் சின்ன ஹூட் போதும். இப்போது பாதி வேகத்தில், பாத்திரத்தை மூடிச் சமைக்கிறோம்.

ஜன்னல் மூன்றடுக்குக் கண்ணாடி. ஒரே ஒரு விஷயம்: இரவில் கனத்த திரையை முழுக்க இழுத்துவிட்டால் வீட்டுச் சூடு கண்ணாடியை எட்டாது, காலையில் கீழ் விளிம்பில் பனிக்கட்டி இருக்கும். திரையைக் கீழே நாலு விரல் தூக்கிவிட்டால் சரியாகிவிடுகிறது.

தெற்கு ஜன்னல்களைப் பற்றி எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 15 டிகிரிகூட ஏறாது. அந்தச் சாய்ந்த வெயில் ஹால் முழுக்க விழும்போது ஃபர்னஸ் மணிக்கணக்காக நின்றுவிடும். அது சுகம். ஆனால் மார்ச் கடைசியில் தரைப்பனியின் பிரதிபலிப்பும் சேர்ந்து, வெளியே மைனஸ் 8, உள்ளே 27. கூரை நீட்டம் கோடைக்குத்தான் உதவுகிறது. திரும்பக் கட்டினால் தெற்குக் கண்ணாடியில் கால் பங்கைக் குறைப்பேன்.

வாசலில் இரண்டு கதவுக்கு நடுவே ஆறடி அறை வைத்தது நல்ல முடிவு. வெளிக்கதவைத் திறந்தால் வெள்ளை ஆவி தரையோடு உருண்டு வரும், உள்கதவில் நின்றுவிடும். பூட்ஸ், கோட், அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான்.

அப்புறம் பராமரிப்பு. ஹெச்.ஆர்.வி. ஃபில்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். வெளிச்சுவரில் காற்று உள்ளே வரும் வலையை ஜூலையில் கட்டாயம் பாருங்கள்; பாப்லர் மரங்களின் பஞ்சு வந்து கம்பளி போல அடைத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு கைப்பிடி எடுத்தேன். அட்டிக் மூடியின் ரப்பர் பட்டையும் தேய்ந்திருக்கிறது, புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். அக்டோபருக்குள் மாற்ற வேண்டும்.