லண்டன் ஜூவா, விப்ஸ்னேடா?

இரண்டும் இங்கிலாந்தின் விலங்குக் காட்சிசாலைகள்: ஒன்று லண்டன் நகருக்குள், விப்ஸ்னேட் நகருக்கு வெளியே. இரண்டையும் நடத்துவது ஒரே லண்டன் விலங்கியல் சங்கம்தான். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, பழைய கதையும் தெரிய வேண்டும் என்பவர்களுக்காக இது.

வயது
லண்டன்: 1828-இல் ரீஜென்ட்ஸ் பார்க்கில் தொடங்கியது. முதலில் ஆய்வாளர்களுக்குத்தான், பொதுமக்களை உள்ளே விட்டது 1847-இல்.
விப்ஸ்னேட்: 1931.

இடம்
லண்டன்: சுமார் 36 ஏக்கர். நகரம் சுற்றி வளர்ந்துவிட்டது, விரிய வழியில்லை.
விப்ஸ்னேட்: சுமார் 600 ஏக்கர்.

இந்த இட நெருக்கடிதான் விப்ஸ்னேட் பிறந்ததற்கே காரணம். சங்கச் செயலாளர் பீட்டர் சால்மர்ஸ் மிட்செல், விலங்குகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்று நினைத்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது லண்டன் யானைகளும் பாண்டாக்களும் அங்கேதான் போயின. 2001-இல் மிச்சமிருந்த யானைகளும் போய்விட்டன. சரியான முடிவு, கொஞ்சம் தாமதம்!

கட்டடங்கள்
லண்டன்: இதில் இதற்கே வெற்றி. 1830-களில் கட்டிய ஒட்டகச்சிவிங்கி வீடு இன்றும் அதே வேலைக்குத்தான். 1934-இல் கட்டிய பென்குயின் குளமோ கட்டடக்கலை ரசிகர்களுக்கு விருந்து. பென்குயின்கள் எப்போதோ வேறு இடம் போய்விட்டன.
விப்ஸ்னேட்: மலைச்சரிவில் வெட்டிய பெரிய வெள்ளைச் சிங்க உருவம், 1933.

போக்குவரத்து
லண்டன்: கேம்டன் டவுன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.
விப்ஸ்னேட்: கார் இருந்தால் நல்லது.

வரலாறு பார்க்க லண்டன். யானைக்கூட்டம் பார்க்க, அப்புறம் குழந்தைகளை ஓடவிட, விப்ஸ்னேட்.