கேஸ்-கண்ட்ரோலா, கோஹார்ட்டா, சமவாய்ப்புச் சோதனையா: எந்தக் கேள்விக்கு எது?

ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்க வேண்டிய மாதம் வந்துவிட்டால், நர்சிங், பிசியோதெரபி, பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது "எந்த ஆய்வு முறை உயர்ந்தது?" என்பதைத்தான். பாடநூல்களில் வரும் பிரமிடு படம் அப்படிக் கேட்க வைக்கிறது. உச்சிக்கு அருகே, சிகிச்சையைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கும் சமவாய்ப்புச் சோதனை, அடுத்து, ஒரு குழுவைப் பழக்கத்திலிருந்து முன்னோக்கிப் பின்தொடரும் கோஹார்ட், அதற்கும் கீழே, நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிப் பார்க்கும் கேஸ்-கண்ட்ரோல், அடியில் ஒருமுறை மட்டும் கணக்கெடுக்கும் குறுக்குவெட்டு ஆய்வு. இந்த வரிசையை மனப்பாடம் செய்தவர் தேர்வில் மதிப்பெண் வாங்கலாம். ஆனால் தன் கேள்விக்கு எந்த முறை பொருந்தும் என்று முடிவு செய்ய அது உதவாது. ஒவ்வொரு முறையும் ஒரு வகைக் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும், மற்றதற்கு வாய் திறக்காது.

முதல் மூன்றையும் எடைபோட ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லின் பணியே போதும். முதல் உலகப் போரில் காசநோய் வந்ததால் மருத்துவம் படிக்கும் எண்ணத்தைக் கைவிட்டவர், பொருளியல் படித்துவிட்டு லண்டனில் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியர் ஆனார். 1948-இல் வெளியான காசநோய் மருந்துச் சோதனை, 1950-இல் வெளியான கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு, 1951-இல் தொடங்கிய கோஹார்ட் ஆய்வு என மூன்றிலும் அவர் கை இருக்கிறது. ஒரே மனிதர் கேள்வி மாறியபோதெல்லாம் முறையையும் மாற்றினார்.

நோயிலிருந்து பின்னோக்கி

பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் ஏறிக்கொண்டே போன காலம் அது. கார்ப் புகை, சாலைத் தார், சிகரெட் எனச் சந்தேகத்துக்குரியவை பல. நோய் ஒன்று, காரணம் எது என்று தெரியாது. இப்படிப்பட்ட கேள்விக்கென்றே அமைந்தது கேஸ்-கண்ட்ரோல். ஹில்லும் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரும் லண்டனின் 20 மருத்துவமனைகளில் இந்தப் புற்றுநோய் உள்ள 709 பேரையும், அதே பாலினம், அதே வயதுப் பிரிவில் இந்த நோய் இல்லாத 709 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு, கடந்த காலப் பழக்கங்களை விசாரித்தார்கள்.

ஆண்களின் கணக்கை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புற்றுநோய் வந்த 649 பேரில் புகைபிடிக்காதவர்கள் 2 பேர். கண்ட்ரோல் 649 பேரில் 27 பேர். நான்கு கட்டங்களில் 647, 2, 622, 27 என்று எழுதி, குறுக்கே பெருக்கி வகுத்தால் ஆட்ஸ் ரேஷியோ, அதாவது புகைத்தவர்-புகைக்காதவர் விகிதம் ஒரு குழுவில் மற்றதைப் போல எத்தனை மடங்கு என்பது, சுமார் 14 வரும். கட்டுரையில் கொடுத்த பி-மதிப்பு 0.00000064. இவ்வளவு சிறிய எண்ணைப் பார்த்ததும் மாணவர்கள் "மிக உறுதியான முடிவு" என்று எழுதிவிடுவார்கள். அதே நான்கு எண்களுக்கு 95 விழுக்காடு நம்பக இடைவெளியை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையை) போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 3.3 முதல் 59 வரை நீளும். புகைபிடிக்காத நோயாளிகள் இரண்டே பேர் என்பதால் வந்த அகலம் இது. தொடர்பே இல்லை என்றால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வருவது எவ்வளவு அரிது என்பதைப் பி-மதிப்பு சொல்கிறது. தொடர்பு எவ்வளவு பெரியது என்பதில் இன்னும் எவ்வளவு தெளிவின்மை இருக்கிறது என்பதை இடைவெளி சொல்கிறது. பி-மதிப்பை மட்டும் எழுதி இடைவெளியை விட்டுவிடும் ஆய்வேடு பாதி முடிவைத்தான் வாசகரிடம் தருகிறது.

கண்ட்ரோல் குழுவில்கூட புகைபிடிக்காதவர்கள் ஏன் இத்தனை குறைவு? வாழ்க்கையில் ஓராண்டு காலம் தினமும் ஒரு சிகரெட்டாவது பிடித்தவரெல்லாம் புகைபிடிப்பவர் என்று வரையறுத்தது ஒரு காரணம். கண்ட்ரோல்களும் மருத்துவமனை நோயாளிகளே என்பது இன்னொன்று. அவர்களில் சிலருக்கு இருந்த இதய நோயும் மூச்சுக்குழல் நோயும்கூட சிகரெட்டால் வந்திருக்கலாம். அப்படியானால் உண்மையான வேறுபாடு கணக்கில் குறைந்துதான் தெரியும். கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு பிழைப்பதும் சாவதும் கண்ட்ரோல் தேர்வில்தான்.

இந்த முறையின் மேல் எப்போதும் விழும் பழி நினைவுப் பிழையும் விசாரிப்பவரின் சாய்வும். நோய் வந்தவர் பழையதைத் தோண்டித் தோண்டி நினைப்பார், விசாரிப்பவரும் கூடுதலாகத் துருவுவார். ஹில்லும் டாலும் இதற்கு வைத்த சோதனை மிக அழகானது. விசாரணையின்போது நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பிறகு அந்த நோய் இல்லை என்று தெரியவந்த நோயாளிகளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். விசாரிப்பவர் சாய்ந்திருந்தால் இவர்களின் புகைப்பழக்கமும் புற்றுநோயாளிகளுடையதைப் போலவே பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் அது கண்ட்ரோல்களை ஒத்திருந்தது. செலவே இல்லாத இந்தச் சோதனையை எந்த மாணவரும் தன் ஆய்வில் செய்யலாம். செய்பவர்களைக் காண்பதுதான் அரிது.

அரிய நோய் என்றால் இந்த முறைக்கு ஈடே இல்லை. 1971-இல் பாஸ்டனில் இளம்பெண்களுக்கு வந்த, அதுவரை அந்த வயதில் அரிதாயிருந்த ஒரு யோனிப் புற்றுநோயை ஆராய்ந்தபோது கையில் இருந்தது 8 நோயாளிகள், 32 கண்ட்ரோல்கள். எட்டில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பகாலத்தில் டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்தை எடுத்திருந்தார்கள். 32-இல் ஒருவர்கூட எடுக்கவில்லை. கோஹார்ட்டாக இதைச் செய்யக் கிளம்பியிருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகளை இருபது ஆண்டு பின்தொடர்ந்திருக்க வேண்டும்.

பழக்கத்திலிருந்து முன்னோக்கி

அப்படியிருக்க, 1950-இல் விடை கிடைத்த பிறகும் ஹில்லும் டாலும் ஏன் கோஹார்ட்டுக்குப் போனார்கள்? ஆட்ஸ் ரேஷியோ 14 என்பது எத்தனை பேர் சாவார்கள் என்று சொல்லாது. நோயாளிகள் எத்தனை பேர், நோயற்றவர்கள் எத்தனை பேர் என்பதைக் கேஸ்-கண்ட்ரோலில் ஆய்வாளரே முடிவு செய்கிறார். அதனால் நோயின் நிகழ்வு வீதத்தை அதிலிருந்து நேரடியாகக் கணக்கிட வழியில்லை.

1951 அக்டோபரில் பிரிட்டன் மருத்துவர்கள் அனைவருக்கும் ஒரு சிறு கேள்வித்தாள் போனது. மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: பதிவேட்டில் பெயர் இருப்பதால் யார் எப்போது இறந்தார் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். 34,439 ஆண் மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டார்கள். 1964 வாக்கில் தெரிந்த கணக்கு இது: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள், புகைபிடிக்காதவர்களில் 0.07. தினமும் 1 முதல் 14 சிகரெட் பிடித்தவர்களில் 0.57. 15 முதல் 24 வரை பிடித்தவர்களில் 1.39. 25-க்கு மேல் பிடித்தவர்களில் 2.27. முதலையும் கடைசியையும் வகுத்தால் 32 மடங்கு. கழித்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2.2 கூடுதல் சாவுகள். வகுத்தல் தரும் எண் காரணத்தைத் தேடுபவருக்கு, கழித்தல் தரும் எண் சுகாதாரத் திட்டம் போடுபவருக்கு. கோஹார்ட் இரண்டையும் தருகிறது. புற்றுநோயோடு இதய நோய், நாட்பட்ட மூச்சுக்குழல் நோய் என்று பல விளைவுகளையும் ஒரே குழுவில் பார்க்க முடிந்தது. 2004-இல் வெளியான ஐம்பதாண்டு அறிக்கை, வாழ்நாள் முழுதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கிறார்கள் என்றது.

விலை என்ன? 1954-இல் வந்த முதல் அறிக்கையில் 35 வயதுக்கு மேற்பட்ட 24,389 ஆண்களை 29 மாதங்கள் பின்தொடர்ந்ததில் கிடைத்த நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் வெறும் 36. கேஸ்-கண்ட்ரோலில் 709 நோயாளிகள் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

கோஹார்ட் என்றாலே ஐம்பது ஆண்டு என்று மாணவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் 30 நாளில் புண்ணில் சீழ் பிடிக்கிறதா, பிரசவம் முடிந்த ஆறாவது வாரத்திலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறார்களா போன்ற கேள்விகளில் விளைவு விரைவாகவும் அடிக்கடியும் வரும். இவற்றுக்குக் குறுங்காலக் கோஹார்ட்டே சரி. தொடர்பு விட்டுப்போகிறவர்களை மட்டும் கவனியுங்கள். ஆறாம் வாரத்தில் தொலைபேசியை எடுக்காத தாய், எடுத்த தாயைப் போன்றவர் என்று கருதிவிட முடியாது.

ஆய்வாளரே பிரித்துக் கொடுப்பது

1948-இல் வெளியான அந்தக் காசநோய் மருந்துச் சோதனையில், ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில், கேள்வியே வேறு: இந்த மருந்து வேலை செய்கிறதா? போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அது எல்லோருக்கும் போதாது. அதனால் யாருக்குக் கொடுப்பது என்பதைச் சமவாய்ப்பு எண்களுக்கு விட்டு, ஒதுக்கீட்டை மூடிய உறைகளில் வைத்தார்கள். நோயாளியைச் சேர்க்கும் மருத்துவருக்கு அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இந்த மறைப்பு போய்விட்டால் சமவாய்ப்பும் போய்விடும். "ஒற்றைப்படை எண் வந்தவருக்கு மருந்து" என்று பிரித்துவிட்டு அதையும் சமவாய்ப்பு என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான் வரும்.

ஆறு மாதத்தில், மருந்தோடு படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். 7 விழுக்காடு, 27 விழுக்காடு. வேறுபாடு கிட்டத்தட்ட 20 புள்ளிகள். ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஒரு சாவு தவிர்க்கப்படும். இங்கே இரு குழுக்களின் சாவு விழுக்காடுகளை வகுத்துக் கிடைக்கும் ரிஸ்க் ரேஷியோ 0.27, ஆட்ஸ் ரேஷியோ 0.21. சாவு அடிக்கடி நிகழ்ந்ததால் இரண்டும் விலகுகின்றன. அரிய நோயில்தான் இரண்டும் ஒட்டி வரும். ஆட்ஸ் ரேஷியோவை எல்லா இடத்திலும் "இத்தனை மடங்கு ஆபத்து" என்று படிப்பது தவறு. இன்னொன்றும் உண்டு: காசநோய்க் கிருமி மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றதால், ஐந்தாண்டுக் கணக்கில் இந்த வேறுபாடு பெருமளவு சுருங்கிவிட்டது. எப்போது அளக்கிறோம் என்பதும் விடையின் பகுதிதான்.

சென்னைக்கும் இதில் பெருமைக்குரிய இடம் உண்டு. 1956-இல் இங்கு தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளைச் சமவாய்ப்பில் பிரித்து, ஒரே மருந்தை ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குக் காசநோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்திலும் கொடுத்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் இல்லாமல் காசம் குணமாகாது என்ற உலகளாவிய நம்பிக்கையை, ஏழ்மை மிகுந்த வீடுகளில் செய்த இந்தச் சோதனை புரட்டிப்போட்டது.

கோஹார்ட்டும் சோதனையும் முரண்பட்டால்? மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையில் அதுதான் நடந்தது. 1976-இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் கோஹார்ட், ஹார்மோன் எடுப்பவர்களுக்கு இதய நோய் ஏறத்தாழப் பாதி என்றது. 16,608 பெண்களைப் பிரித்துச் செய்த சோதனையின் 2002 முடிவு நேர்மாறானது: இதய நோய் 29 விழுக்காடு கூடுதல். கழித்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 7 கூடுதல்: 30 என்பது 37 ஆயிற்று. ஹார்மோனைத் தாமாக நாடிய பெண்கள் வசதியிலும் உடல்நலப் பேணலிலும் முன்பே ஒருபடி மேலே இருந்திருக்கலாம். சோதனையில் சேர்ந்தவர்கள் மாதவிடாய் நின்று பல ஆண்டு கழிந்தவர்கள் என்பதும் கணக்கில் சேரும். சிகிச்சைக்குப் பலன் உண்டா என்ற கேள்வியில் என் வாக்கு சோதனைக்கே.

ஆனால் சிகரெட்டை யாருக்கும் குலுக்கல் முறையில் கொடுக்க முடியாது. பரிசோதனையில் சமவாய்ப்புப் பங்கீட்டுக்கே அடித்தளமிட்ட ரொனால்ட் ஃபிஷர், புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாமே என்று 1950-களின் இறுதியில் வாதிட்டார். வாதம் கூர்மையானது, முடிவு தவறு. சோதனை வரட்டும் என்று காத்திருந்தால் இன்றும் காத்திருப்போம்.

நம் மாணவர்களுக்கு

குறுக்குவெட்டு ஆய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று அறிய அது நல்ல முறை. நடக்காததால் உடல் பருத்ததா, பருத்ததால் நடக்கவில்லையா என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. இருந்தும் நான் பார்க்கும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இதே வகை, எல்லாவற்றிலும், எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் 4பிக்யூ சூத்திரத்தின் 400 பேர் கணக்கு. அந்தச் சூத்திரம் ஒரு விழுக்காட்டை மதிப்பிடுவதற்கானது, இரு குழுக்களை ஒப்பிடுவதற்கு அல்ல. கண்ட்ரோல்களில் 30 விழுக்காட்டினருக்கு ஒரு பழக்கம் இருந்து, ஆட்ஸ் ரேஷியோ 2 என்பதை 80 விழுக்காடு திறனோடு, அதாவது உண்மையில் இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடாத 80 விழுக்காடு வாய்ப்போடு, கண்டறிய வேண்டுமானால் ஒவ்வொரு குழுவிலும் சுமார் 140 பேர் தேவை. ரேஷியோ 3 என்றால் ஐம்பது பேரைக் கொஞ்சம் தாண்டினால் போதும். ஓராண்டில் ஒரு புறநோயாளர் பிரிவில் திரட்டக்கூடிய எண்ணிக்கைதான் இது.

அதனால் ஓராண்டும் குறைந்த பணமும் கையில் உள்ள மாணவருக்கு, நோயின் காரணம் தேடும் கேள்வி என்றால் நான் தயங்காமல் கேஸ்-கண்ட்ரோலைச் சொல்வேன். நீரிழிவுக் கால்புண் ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது என்பது கேள்வியாக இருக்கட்டும். கண்ட்ரோல்கள் அதே நீரிழிவுப் பிரிவுக்கு வரும், புண் இல்லாத நீரிழிவு நோயாளிகளாக இருக்க வேண்டும். எலும்பு முறிவு வார்டிலிருந்து எடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். பழைய புண்ணோடு வருபவர்களை விட்டுப் புதிதாகப் புண் வந்தவர்களையே சேர்க்க வேண்டும். செருப்பு அணியும் பழக்கத்தைக் கேட்கும்போது, "இப்போது" என்று கேட்டால் புண் வந்தவர் மருத்துவர் சொன்ன அறிவுரையையே திருப்பிச் சொல்வார். "புண் வருவதற்கு முந்தைய மாதம், வீட்டுக்குள்ளும் வெளியிலும்" என்று காலத்தைக் குறித்துக் கேட்க வேண்டும். கண்ட்ரோலிடமும் அதே மாதத்தைக் குறித்து அதே சொற்களில் கேட்க வேண்டும். இயன்றால், யாருக்குப் புண் இருக்கிறது என்று தெரியாத ஒருவரைக் கொண்டே கேட்க வேண்டும்.